சத்னாம் சிங்குக்கு என்னதான் ஆச்சு? அண்ணன் பையனுக்கு என்ன பதில் சொல்வது?

திண்டுக்கல் சித்தப்பா:

வணக்கம். நான் கிரிக்கெட் பக்கத்து ஆள், பாஸ்கெட்பாலில் எனக்குத் தெரிந்தது பந்து வளையத்துக்குள் போக வேண்டும் என்பது மட்டும்தான், அதனால் கேள்வி அசட்டுத்தனமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் பையனுக்கு வயது 15. போன தீபாவளிக்கு வந்தபோது எங்கள் வீட்டு வாசல் நிலையில் தலை இடிக்கவில்லை, இந்தத் தடவை இடித்துக்கொண்டு நெற்றியில் புடைப்போடு உட்கார்ந்திருந்தான். அளந்து பார்த்தோம், 6 அடி 3 அங்குலம். பள்ளி அணியில் ஆடுகிறான், மாவட்ட அளவில் இரண்டு முறை போயிருக்கிறான். காலுக்குப் பொருந்துகிற ஷூ கிடைக்காமல், முன்பக்கம் பிளேடால் கீறிவிட்ட பழைய ஷூவில் பெருவிரல் எட்டிப்பார்க்கத்தான் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறான்.

பிரச்சினை என்னவென்றால், சத்னாம் சிங் என்பிஏ டிராஃப்டில், அதாவது அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் அணிகள் புது ஆட்களை வரிசையாக எடுக்கிற தேர்வில், தேர்வான வீடியோவை ராத்திரி பகல் பார்க்காமல் பார்க்கிறான். "பஞ்சாபில் ஒரு கிராமத்திலிருந்து போயிருக்கார் சித்தப்பா, நான் ஏன் போகக் கூடாது" என்கிறான். அண்ணன் வேறு எங்கேயோ படித்துவிட்டு வந்து, "அந்த ஆளே இப்ப மல்யுத்தம் பண்ணிட்டு இருக்கான், போய் ஃபிசிக்ஸைப் படி" என்று கத்த, வீட்டில் சண்டை. நடுவில் நான்.

கேட்க வந்தது இதுதான். சத்னாம் சிங்குக்கு உண்மையில் என்ன நடந்தது? அவ்வளவு உயரமான ஆள் ஏன் அங்கே நிலைக்கவில்லை? நம் நாட்டில் பாஸ்கெட்பால் ஆடி ஒருத்தன் சோறு சாப்பிட முடியுமா, இல்லை அண்ணன் சொல்வதுதான் சரியா?

பழைய சென்டர்:

சித்தப்பா, அசட்டுக் கேள்வி எல்லாம் இல்லை. நான் கல்லூரியிலும் அதற்கப்புறம் ஒரு வங்கி அணியிலும் சென்டராக, அதாவது வளையத்தடியில் நிற்கிற உயரமான ஆளாக, ஆடியவன் (6 அடி 5, இப்போது முட்டி இரண்டும் போச்சு), அதனால் சத்னாம் கதையை அவன் அமெரிக்காவில் ஐஎம்ஜி அகாடமிக்குப் போன நாளிலிருந்து பின்தொடர்ந்து வந்திருக்கிறேன்.

ஊர் பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே. விவசாயக் குடும்பம். அப்பாவும் 7 அடிக்கு மேல். ஆனால் அவருக்கு ஆடுகிற வாய்ப்பு இல்லை, வயலோடு போய்விட்டது. பையனையாவது விடக்கூடாதென்று சின்ன வயதிலேயே லூதியானா பாஸ்கெட்பால் அகாடமியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே சங்கரன் சுப்ரமணியன் என்கிற பயிற்சியாளர் இருந்தார். இன்றைக்கு இந்திய பாஸ்கெட்பாலில் பெயர் சொல்கிற பஞ்சாப் பெரிய உடம்புக்காரர்களில் பலர் அவர் கையில் வளர்ந்தவர்கள்தான், அந்த மனுஷனைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்குத் தனி வருத்தம். 2010-இல் ஐஎம்ஜி ரிலையன்ஸ் உதவித்தொகையில் புளோரிடாவின் பிரேடன்டனில் உள்ள ஐஎம்ஜி அகாடமிக்குப் போனான். வயது 14. இங்கிலீஷ் தெரியாது. உங்கள் பையனைவிட ஒரு வயது சின்னவன், அதை மட்டும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

2015 ஜூன் 25. டல்லாஸ் மாவரிக்ஸ் 52-வது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் ஆள். உங்கள் பையன் பார்க்கிற வீடியோ இத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடந்தது வீடியோவில் வராது.

டிராஃப்டில் மொத்தம் 60 பேர். முதல் 30 பேருக்குத்தான் உத்தரவாதமான ஒப்பந்தம். 31-இலிருந்து 60 வரை, "உன்மேல் உரிமை எங்களிடம் இருக்கிறது, ஆனால் சம்பளம் கொடுப்போம் என்று சொல்லவில்லை" என்று அர்த்தம். 52 என்பது அந்த ரகம். சத்னாம் ஒரு நாள்கூட என்பிஏ ஒப்பந்தத்தில் இருந்ததில்லை. டல்லாஸின் கிளை அணியான டெக்சஸ் லெஜெண்ட்ஸில், அப்போது டி-லீக் என்பார்கள், இரண்டு சீசன். அங்கேயும் பெரும்பாலும் பெஞ்சில்தான்.

சம்பளம் கேட்டால் உங்கள் அண்ணன் சிரிப்பார். 2016-17 சீசனில் டி-லீக்கில் மேல்தட்டு ஒப்பந்தம் 26,000 டாலர், அடுத்த தட்டு 19,000 டாலர், அவ்வளவுதான். அங்கே வாடகை கொடுத்து வாழ்கிற நாட்டில்! கிளை அணியில் இருந்துகொண்டே என்பிஏ அணியோடும் சேர்ந்து ஆடி, கொஞ்சம் கௌரவமான சம்பளம் வாங்குகிற இரட்டை வழி ஒப்பந்தம் 2017-18 சீசனில்தான் வந்தது. அதாவது சத்னாம் மூட்டை கட்டுகிற நேரத்தில்.

இனி ஏன் நிலைக்கவில்லை என்பது. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

2015 ஜூன் 16 அன்று கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கோப்பையை வென்றது, டிராஃப்டுக்கு ஒன்பதே நாள் முன்னால். அந்த இறுதித் தொடரில் நாலாவது ஆட்டத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 7 அடி சென்டர் போகட்டை உட்காரவைத்துவிட்டு 6 அடி 6 இகுடாலாவை ஆரம்பத்திலேயே இறக்கினார்கள். அதுவரை 1-2 எனப் பின்தங்கியிருந்த அணி அதற்கப்புறம் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை, இகுடாலாதான் தொடரின் சிறந்த வீரர். எல்லா அணியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய உடம்பை வைத்து வளையத்தடியில் நிற்கிற காலம் முடிகிறது என்று தெரிந்த அதே மாதத்தில், 7 அடி 2 அங்குலமும் 130 கிலோ பக்கமும் இருக்கிற நம் பையன் போய் நிற்கிறான்.

இன்னும் எளிதாகச் சொல்கிறேன். எதிரணியில் பந்தைக் கொண்டுவருகிற பாயிண்ட் கார்டு வருவான், உங்கள் சென்டர் காவல் காக்க வேண்டிய எதிரணி ஆள் வந்து ஒரு தடுப்பு போடுவான், பிக் அண்ட் ரோல் என்பார்கள். அந்த ஒரு நொடியில் உங்கள் சென்டர் வளையத்தை விட்டு 25 அடி வெளியே வந்து, 6 அடி 1 அங்குல ஆள் முன்னால் குனிந்து, பக்கவாட்டில் காலை நகர்த்தி நகர்த்தித் தடுக்க வேண்டும். நான் அதை வங்கி அணி மட்டத்திலேயே செய்து பார்த்து, ஒரு பொடியன் என்னைச் சுற்றிக்கொண்டு போய் லே-அப் போட்டுவிட்டுத் திரும்பி வரும்போது "அண்ணே, மெதுவா" என்று சொன்னதை இன்னும் மறக்கவில்லை. அங்கே அதை உலகின் மிக வேகமான ஆட்களுக்கு எதிராக ஒரு ஆட்டத்தில் 50 தடவை செய்ய வேண்டும். சத்னாமுக்கு கை நன்றாக இருந்தது, வெளியிலிருந்து ஷாட்டும் உண்டு. கால்தான். கால் வேகம் 19 வயதில் புதிதாக வருவதில்லை.

ஹாஃப் கோர்ட்:

பழைய சென்டர் அண்ணே, எல்லாம் சரி, ஆனால் "என்பிஏ ஆடிய முதல் இந்தியர்" என்று யாராவது சொன்னால் திருத்துங்கள், நாலு பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். சத்னாம் தேர்வானார், ஆடவில்லை. என்பிஏ மைதானத்தில் இறங்கிய முதல் இந்திய வம்சாவளிக்காரர் சிம் புல்லர், கனடாக்காரர், 7 அடி 5, சாக்ரமென்டோ கிங்ஸ், அதே 2015 ஏப்ரலில். அவரும் மூன்றே ஆட்டம்.

அப்புறம் ஊக்கமருந்து விஷயத்தை விட்டுவிட்டீர்கள்.

பழைய சென்டர்:

விடவில்லை தம்பி, விரல் வலித்தது.

2018-இல் கனடா லீக்கில் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணிக்குப் போனான். 2019-இல் தெற்காசியப் போட்டிக்காக பெங்களூரு முகாமில் இருந்தபோது எடுத்த மாதிரியில் ஹைஜெனமைன் என்கிற தடை செய்யப்பட்ட பொருள் இருப்பதாக வந்தது. நவம்பர் 2019-இலிருந்து கணக்கிட்டு இரண்டு வருடத் தடை. 23 வயதிலிருந்து 25 வரை, ஒரு சென்டர் ஆட்டம் முற்றுகிற வயது அது. ஹைஜெனமைன் சில செடிகளிலேயே இருக்கிறது, உடற்பயிற்சிக்கு விற்கிற சில பவுடர்களிலும் வரும், 2017-இலிருந்துதான் தடைப் பட்டியலில் அதன் பெயர் தனியாக இருக்கிறது. அவன் எப்படிச் சாப்பிட்டான் என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. ஆனால் சித்தப்பா, ஜிம்மில் யாராவது உங்கள் பையனுக்கு ஒரு டப்பாவைக் கொடுத்தால் வாங்காதே என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

தடை முடிகிற நேரத்தில் 2021-இல் அமெரிக்காவின் ஏஇடபிள்யூ மல்யுத்தத்தில் ஒப்பந்தம், 2022 ஏப்ரலில் தொலைக்காட்சியில் முதல் தோற்றம். உங்கள் அண்ணன் சொல்கிற மல்யுத்தம் அதுதான். அதை ஏதோ பிச்சை எடுக்கப் போன மாதிரி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அது டி-லீக் பெஞ்சைவிட நல்ல வேலை.

பெரம்பூர் ரீபவுண்ட்:

எல்லோரும் அமெரிக்காவையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பையன் இருப்பது திண்டுக்கல்லில்.

நான் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்தவள், 19 வருடம் ஆகிறது. சித்தப்பா கேட்டாரே, ஆடி சோறு சாப்பிட முடியுமா என்று, அதற்கு நான் பதில் சொல்கிறேன். முடியும். ஆனால் நம் நாட்டில் அதற்குப் பெயர் லீக் ஒப்பந்தம் இல்லை, வேலை. தெற்கு ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஓஎன்ஜிசி, வருமான வரித்துறை, ராணுவம், கடற்படை, கேரள மின் வாரியம், இவைதான் நம் "கிளப்கள்". விசேஷ் பிருகுவன்ஷி என்று இந்திய அணித் தலைவராக இருந்தவர், வாரணாசிக்காரர், 2020-இல் அர்ஜுனா விருது வாங்கினார், அவர் ஓஎன்ஜிசி. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு 36ர்ஸ் 2017-இல் அவரை எடுத்தது, ஆனாலும் அவருக்கு நிரந்தரமாக வீடு நடத்தியது அந்த வேலைதான்.

நம் அனிதா பால்துரை அக்காவைப் பையனுக்குச் சொல்லுங்கள். சென்னைப் பெண், தெற்கு ரயில்வே. 2001-இலிருந்து 2017 வரை ஒன்பது ஆசிய பாஸ்கெட்பால் சாம்பியன்ஷிப்கள். நடுவில் பிள்ளை பெற்றுவிட்டுத் திரும்பி வந்து ஆடினார். 2017-இல் பெங்களூருவில் கஜகஸ்தானை 75-73 என்று கடைசி நொடி வரை இழுத்து வென்று இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பையின் மேல் பிரிவுக்கு ஏறினார்களே, அந்த அணியில் இருந்தார். 2021-இல் பத்மஸ்ரீ. கீது அன்னா ஜோஸும் தெற்கு ரயில்வேதான். மெல்பர்னில் ரிங்வுட் ஹாக்ஸில் ஆடியவர், 2011-இல் டபிள்யூஎன்பிஏவின், அதாவது பெண்களுக்கான என்பிஏவின், மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்குக் கூப்பிட்டன. இவர்கள் யாருக்கும் வீடியோ ராத்திரி பகல் ஓடுவதில்லை, அதனால் பையன்களுக்குத் தெரிவதில்லை. எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேருக்கே தெரியாது!

வேலை என்றதும் சொகுசு என்று நினைக்க வேண்டாம். காலை 5.45-க்கு மைதானம், 9 மணிக்குக் குளித்து ஓடி அலுவலகம், மதியம் மூன்றரைக்கு அனுமதி வாங்கி மறுபடி மைதானம். முகாமுக்குப் போய் வந்தால் "ஆடிட்டு வந்துட்டாங்க மகாராணி" என்று பக்கத்து மேசைக்காரர் முனகுவார். என் பதவி உயர்வுக் கோப்பு ஒருமுறை ஒரு வருடத்துக்கு மேல் ஒரு அலமாரியில் தூங்கியது, ஆடிக்கொண்டிருந்தபோது எழுத வேண்டிய துறைத் தேர்வை எழுதவில்லை என்று. அது என் தப்பும்தான், யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்றாலும். ஆனால் ஒன்று, முட்டி போன பிறகும் சம்பளம் முதல் தேதிக்கு வருகிறது. கனடா லீக்கில் முட்டி போனால் அடுத்த விமானம்.

வளையத்தடி:

பெரம்பூர் அக்கா சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு, பாதி இல்லை.

வேலைதான் நம் ஆட்டத்தைக் காப்பாற்றியது, அது உண்மை. ஆனால் அதே வேலைதான் 22 வயதில் பையன்களை உட்காரவைத்தும் விடுகிறது. வேலை கிடைத்தவுடன் ஆட்டத்தில் வளர்ச்சி நின்றுபோன எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன். ஏன் நிற்காது? வருடத்துக்கு எத்தனை பெரிய ஆட்டம் கிடைக்கும்? சீனியர் நேஷனல்ஸ், ஃபெடரேஷன் கோப்பை, பெரியகுளத்தில் மே மாதம், கோயம்புத்தூரில் ஒன்றிரண்டு, நிறுவனங்களுக்கு இடையிலான போட்டி. யுபிஏ என்று நம் நாட்டு லீக் ஒன்று 2015-இல் வந்து 2017-இல் படுத்தது. அப்புறம் ஐஎன்பிஎல் என்று இன்னொன்று வந்தது, சென்னை ஹீட் என்று நம் ஊர் அணியும் உண்டு, ஆனால் சில வாரக் கதைதான். என்பிஏவில் ஒருத்தனுக்கு ஒரு சீசனில் 82 ஆட்டம். பதினாறு வயதில் திறமை சமமாக இருந்தாலும் இருபத்து நாலில் எங்கே சமமாக இருக்கும்?

இதற்கு நடுவிலும் நம் ஆட்கள் 2014 ஜூலையில் வூஹானில் சீனாவை அவர்கள் மண்ணிலேயே 65-58 என்று அடித்தார்கள். அமிர்தபால் சிங், அம்ஜோத் சிங், விசேஷ் மூவரும் அந்த அணியில். அமிர்தபால் கதை எனக்கு சத்னாம் கதையைவிடப் பிடிக்கும். கபடி ஆடிக்கொண்டிருந்த கிராமத்துப் பையன், பாஸ்கெட்பாலைத் தொட்டதே 18 வயது வாக்கில். ஜப்பானில் டோக்கியோ எக்ஸலன்ஸுக்கு ஆடினார், 2017-18-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ். அம்ஜோத்தும் அதே டோக்கியோ அணி, பிறகு ஓக்லஹோமா சிட்டி ப்ளூ, ஜி-லீக் (பழைய டி-லீக்தான், பெயர் மாறிவிட்டது). பிரின்ஸ்பால் சிங் இந்தியாவில் இருந்த என்பிஏ அகாடமியில் வளர்ந்து ஜி-லீக் இக்னைட் போய், 2021-இல் என்பிஏவின் கோடைக்காலப் போட்டியான சம்மர் லீக்கில் சாக்ரமென்டோ கோப்பை வென்றபோது அந்த அணியில் இருந்தார்.

இதில் ஒரு சிக்கலை யாரும் பேசுவதில்லை. வெளிநாட்டு லீக்கில் ஒரு அணிக்கு வெளிநாட்டுக்காரர் இடம் இரண்டோ மூன்றோதான். அந்த இடத்துக்கு நம் பையன் போட்டி போடுவது அந்த ஊர்ப் பையனோடு இல்லை, என்பிஏவில் இடம் கிடைக்காத அமெரிக்கனோடு. ஒரு மேலாளர் ஏன் அவனை விட்டுவிட்டு நம்மை எடுக்க வேண்டும்? எடுத்தால் அவன் இரண்டு மடங்கு நன்றாக ஆட வேண்டும். சத்னாமைக் கேலி செய்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. அவன் ஏறியது படியே இல்லாத மாடி. தவறி விழுந்தபோது கீழே தாங்க நம்மிடம் ஒரு லீக் இல்லை, சீனாவிலும் பிலிப்பைன்ஸிலும் இருக்கிறது.

பெரம்பூர் ரீபவுண்ட்:

மாடிக்குப் படி இல்லை என்பது சரிதான் தம்பி. அதற்காக இருக்கிற தரைத்தளத்தையும் இடித்துவிடாதே.

பழைய சென்டர்:

சித்தப்பாவுக்குக் காரியமாக ஒரு விஷயம். 15 வயதில் 6 அடி 3 என்பது நல்ல உயரம், ஆனால் வெளியே போனால் அது சென்டர் உயரம் இல்லை, வெளியே நின்று பந்தைக் கொண்டுபோகிற கார்டு உயரம். நம் பள்ளிகளில் பி.டி. சார்கள் செய்கிற ஒரே தப்பு, உயரமான பையனைக் கொண்டுபோய் வளையத்தடியில் நிறுத்திவிட்டு "கையைத் தூக்கிட்டு நில்லுடா" என்பது. என்னை அப்படித்தான் நிறுத்தினார்கள். இருபது வயது வரை நான் பந்தைத் தரையில் மூன்று தடவைக்கு மேல் தட்டியதில்லை. பையனை இடது கையில் டிரிப்ளிங் பழகச் சொல்லுங்கள், தினமும், சலிக்கச் சலிக்க. வெளியிலிருந்து ஷாட். சிமென்ட் மைதானத்தில் வாரம் ஏழு நாளும் குதிக்க விடாதீர்கள், இன்னும் வளர்கிற முட்டி அது.

அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது தனி. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டில் 500 இடம் உண்டு. மாநில அளவுச் சான்றிதழ் அங்கே பேசும். ஃபிசிக்ஸும் பந்தும் எதிரிகள் இல்லை என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள், அந்தப் பாஷை அவருக்குப் புரியும்.

திண்டுக்கல் சித்தப்பா:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போய் இந்த இழையை அப்படியே பையனிடம் கொடுத்தேன். முழுதும் படித்தான். 26,000 டாலரில் ஒரு முறை நின்றான், "வருஷத்துக்கா மாசத்துக்கா" என்று கேட்டான். சீசனுக்கு என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கார்டு உயரம் என்று பழைய சென்டர் சார் எழுதியதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தான், அவன் முகத்தில் அது கொஞ்சம் இறங்கித்தான் போனது. ஆனால் சாயங்காலம் மாடியில் தட் தட்டென்று சத்தம், போய்ப் பார்த்தால் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறான். கீழ் வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் இன்னும் மசியவில்லை. 500 இடம் என்றதும் மட்டும் "எந்த எந்தக் கல்லூரி" என்று கேட்டார். பெரம்பூர் மேடம், பத்மஸ்ரீ என்றதும் அண்ணிதான் அதிகம் விசாரித்தார், பிள்ளை பெற்றுவிட்டு வந்து ஆடினாராமே என்று.

கடைசியாக ஒரு சின்ன உதவி. 13-ஆம் நம்பர் பாஸ்கெட்பால் ஷூ எங்கே கிடைக்கும்? இங்கே கடையில் 11-க்கு மேல் இல்லை என்கிறார்கள்.

ஹாஃப் கோர்ட்:

ஆன்லைனில்தான் சித்தப்பா. ஆனால் 13 யுகே அளவா, யுஎஸ் அளவா என்று முதலில் பழைய ஷூ நாக்கின் உள்பக்கம் பாருங்கள், பெரும்பாலும் யுஎஸ் ஒரு நம்பர் கூட வரும். திருப்பி எடுத்துக்கொள்கிற கடையில் மட்டும் வாங்குங்கள். கால் அளவை சாயங்காலம் எடுங்கள், ஆடி முடித்ததும் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரி. வேண்டுமானால் அரை நம்பர் பெரிதாகவே வாங்குங்கள், எப்படியும் அவன் ஆறு மாதத்தில் அதையும் பிளேடால் கீறப் போகிறான்.